புதைந்த ஓடைக்கு விழா எடுப்பது எப்படி: தெருக்கலையில் தொடங்கித் தண்ணீரைத் திறந்துவிடும் வரை

மழை ஓய்ந்து பத்து நாள் ஆன ஒரு பின்னிரவில், வண்டிச் சத்தமெல்லாம் அடங்கிய பிறகு, தெருவில் இருக்கும் மேன்ஹோல் மூடியருகே குனிந்து காதைக் கொடுத்துப் பாருங்கள். பகலில் கேட்கிற சலசலப்பு யார் வீட்டிலோ துணி துவைத்த தண்ணீராக இருக்கலாம். ஊரே தூங்கும் நேரத்திலும் அதே சத்தம் ஒரே சீராகக் கேட்டால், கீழே ஓடை ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்பட இடமுண்டு. லண்டனில் கிளார்க்கன்வெல் பகுதியின் ரே தெருவில் ஒரு கம்பி மூடி இருக்கிறது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக மூடப்பட்ட ஃப்ளீட் ஆறு ஓடுகிற சத்தத்தை இன்றைக்கும் அங்கே நின்று கேட்கலாம்.

அப்படி மண்ணுக்கடியில் போன ஓர் ஓடையை, ஊர் கூடிச் செய்யும் கலை நிகழ்ச்சிகள் வழியாக மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது எப்படி என்பதுதான் இங்கே சொல்ல வருவது. என் கட்சி ஒன்றே ஒன்று. ஓடையைத் திறக்கும் பேச்சை இன்ஜினியர் மேசையில் தொடங்கினால் அது பெரும்பாலும் அந்த மேசையிலேயே படுத்துவிடும். தெருக்காரர்களின் வாயிலும் காலிலும் அந்த ஓடை முதலில் ஏற வேண்டும். "இது நம்ம ஓடை" என்று பத்துப் பேர் பேச ஆரம்பித்த பிறகு மேசைக்குப் போனால் கதை வேறு. பாட்டும் கூத்தும் ஊர்வலமும் அதற்குத்தான். திறந்து முடித்த கரையில் கடைசியாக ஒட்டும் அலங்காரம் என்று கலையை நினைத்தால் பாதி பலம் வீணாகிப்போகும்.

முதல் படி: ஓடையைக் கண்டுபிடியுங்கள்

பழைய நில அளவை வரைபடத்தில் தொடங்குங்கள். ஆவணக் காப்பகம், நூலகம், குடிநீர் வடிகால் அலுவலகம் என்று எங்கே கிடைத்தாலும் பழையதையும் புதியதையும் ஒரே அளவுக்குப் பெரிதாக்கி, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பாருங்கள். கம்ப்யூட்டரில் செய்யத் தெரிந்தவர்கள் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் டிரேசிங் தாளும் பென்சிலும் போதும்.

அப்புறம் தெருவில் இறங்குங்கள். நேர்கோட்டுத் தெருக்களுக்கு நடுவே ஒரு சந்து மட்டும் காரணமில்லாமல் வளைந்து போகும். மனைகளின் எல்லைக்கோடு ஓரிடத்தில் மட்டும் குறுக்காக ஓடும். மழை பெய்தால் எப்போதும் ஒரே இடத்தில் தண்ணீர் தேங்கும். ஒரு வரிசை வீடுகளில் மட்டும் சுவரில் ஈரம் ஏறும், விரிசல் விடும். இவையெல்லாம் ஒரே கோட்டில் வந்தால் ஓடையின் தடம் கிட்டத்தட்ட உங்கள் கையில். தெருப் பெயர்களையும் விடாதீர்கள். லண்டனில் ஆறு மறைந்துவிட்டது, ஃப்ளீட் தெரு என்ற பெயர் மறையவில்லை. எந்த மொழியிலும் பாலம், கரை, துறை, மடை, ஊற்று போன்ற சொற்கள் தண்ணீர் போன பிறகும் பெயர்ப்பலகையில் தங்கிவிடும்.

டொராண்டோவில் காரிசன் ஓடையை 1880-கள் முதல் கட்டம் கட்டமாகக் குழாய்க்குள் அனுப்பினார்கள். பிறகு பள்ளத்தையும் நிரப்பியபோது, அதன் மேலிருந்த கிராஃபோர்டு தெருப் பாலத்தை இடிக்கக்கூட இல்லை. அப்படியே மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள். இன்றைக்கும் அந்தப் பாலம் முழுசாக மண்ணுக்குள் நிற்கிறது.

ஓடையை மறந்தால் அது சும்மா இருக்காது என்பதற்கு ஃபிலடெல்ஃபியாவின் மில் ஓடை நல்ல உதாரணம். அதைக் கழிவுநீர்க் குழாயாக்கி, பள்ளத்தை மண்ணால் நிரப்பி, மேலே வீடு கட்டினார்கள். 1961-ல் அந்தக் குழாய் இடிந்து விழுந்ததில் வீடுகள் சரிந்தன, உயிர்களும் போயின. நில வடிவமைப்பாளர் ஆன் விஸ்டன் ஸ்பிர்ன் 1987-ல் தொடங்கிய மேற்கு ஃபிலடெல்ஃபியாத் திட்டத்தில், அந்தப் பகுதிப் பள்ளி மாணவர்களே பழைய வரைபடங்களை வைத்துக்கொண்டு தங்கள் தெருவுக்கடியில் என்ன இருக்கிறது என்று படித்தார்கள். காலி மனைகள் ஏன் ஒரே வரிசையில் இருக்கின்றன என்ற கேள்விக்கு அவர்களுக்கு விடை கிடைத்தது.

இந்தக் கட்டத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உங்கள் ஓடை மழைநீர் வடிகாலில் ஓடுகிறதா, கழிவுநீரோடு கலந்து ஓடுகிறதா? முதலாவது என்றால் பாதி தூரம் வந்துவிட்டீர்கள். இரண்டாவது என்றால் கழிவுநீரைத் தனியாகப் பிரிக்காமல் எதையும் திறக்க முடியாது. வடிகால் அலுவலகத்தில் குழாய் வரைபடம் கேளுங்கள்: எவ்வளவு ஆழம், எவ்வளவு விட்டம், எந்த வருஷம் போட்டது. கடைசி விவரம் ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. மூடியைத் திறக்காதீர்கள், குழாய்க்குள் இறங்காதீர்கள். உள்ளே விஷவாயு இருக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு செறிவாக இருந்தால் மூக்கு அதை உணரும் திறனையே இழந்துவிடும், அதனால் நாற்றம் இல்லை என்பது ஆபத்து இல்லை என்பதற்கு அடையாளமே அல்ல. மேலே எங்கோ மழை பெய்தால் வெள்ளம் சொல்லாமல் வரும். சாகசப் படம் எடுப்பவர்களைக் குழுவில் சேர்க்காதீர்கள்.

இரண்டாம் படி: யாருடைய ஓடை என்று கேளுங்கள்

வரைபடம் தண்ணீர் போன வழியைச் சொல்லும். அதில் யார் குளித்தார்கள், யாரைக் குளிக்க விடவில்லை, எந்தக் கரையில் யார் குடியிருந்தார்கள், மூடும்போது யாரைக் கிளப்பினார்கள் என்பதையெல்லாம் மனிதர்கள்தான் சொல்ல வேண்டும். இதற்குக் குறைந்தது இரண்டு மாதம் ஒதுக்குங்கள். அவசரப்படுகிற குழுக்கள் இங்கேதான் கோட்டை விடுகின்றன.

உட்கார்ந்து பேட்டி எடுப்பதைவிட நடந்துகொண்டே பேசுவது நல்லது. நான் கூடப்போன ஒரு நடையில், வயதான அம்மா ஒருவர் கைத்தடியைத் தார்ச்சாலையில் தட்டித் தட்டிக் காட்டினார். "இங்கே கணுக்கால் அளவு. அந்தக் கம்பத்துக்கிட்டே இடுப்பளவு. சின்னப் பிள்ளைங்களை அங்கே விட மாட்டோம்." கூட வந்த பையன் கேட்டான், "பாட்டி, இப்ப அந்த ஓடை எங்கே போச்சு?" அவர் நின்று அவனைப் பார்த்தார். "எங்கேயும் போகலை தம்பி. மேலே ரோட்டைப் போட்டுட்டாங்க, அவ்வளவுதான்." அன்றைக்கு நாங்கள் கையில் வைத்திருந்த வரைபடத்தில் ஓடை சாலையின் அந்தப் பக்கம் இருந்தது. பிறகு வந்த குழாய் வரைபடம் பாட்டி பக்கம் சாட்சி சொன்னது.

கேட்க வேண்டியவை: தண்ணீரைப் பற்றிய பாட்டு, தாலாட்டு, விடுகதை, வசவு, பேய்க்கதை. தொழில்கள்: துவைப்பவர், நெசவுக்குச் சாயம் போடுபவர், மீன் பிடிப்பவர், நாணல் அறுப்பவர். சடங்குகள்: பிறப்புக்கும் இறப்புக்கும் அந்தக் கரையில் என்ன நடந்தது. ஓடை மூடிய பிறகு குடிவந்தவர்களையும் மறக்காதீர்கள். அவர்களுக்கு இந்த ஓடையைத் தெரியாது, ஆனால் தாங்கள் விட்டுவந்த ஊரில் ஒரு தண்ணீர் இருந்திருக்கும். அந்த ஆற்றின் பாட்டு இந்த ஓடைக்கரையில் பாடப்படுவதில் தப்பே இல்லை. பூர்வகுடிகள் இருக்கும் இடமென்றால் முதல் பேச்சு அவர்களோடுதான். நிகழ்ச்சி நிரலை அச்சடித்துவிட்டுப் போய் அழைப்பது மரியாதை ஆகாது.

எல்லா மரபும் மேடைக்கு உரியது இல்லை. சில பாட்டுகளைக் குறிப்பிட்டவர்கள் மட்டும், குறிப்பிட்ட நாளில் மட்டும்தான் பாடுவார்கள். "இதைப் பொதுவில் செய்யலாமா, பதிவு செய்யலாமா, படம் எடுக்கலாமா" என்று மூன்று கேள்வியையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றுக்குச் சரி என்றவர் மற்றதற்கு வேண்டாம் என்பார். சொன்னவர் பெயர் போடலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

கலைஞர்களுக்குக் கூலி கொடுங்கள். ஒலிபெருக்கிக்காரருக்கும் பந்தல்காரருக்கும் முன்பணம் கொடுத்துவிட்டு, பறையடிப்பவரிடம் "சேவையாக நினைத்து வாங்க" என்பது அசிங்கம். பட்ஜெட்டில் முதல் வரி அவர்களுடையதாக இருக்கட்டும்.

மூன்றாம் படி: எந்தக் கலை?

என்ன செய்தாலும் அது ஓடையின் தடத்தின் மேல் நடக்க வேண்டும். மைதானத்தில் மேடை போட்டு "நீர் வளம் காப்போம்" என்று பேனர் கட்டினால் அது எந்த ஊரிலும் நடக்கக்கூடிய ஒரு விழா. பாட்டி கைத்தடியால் தட்டிய இடத்தில் ஆட்டக்காரர் காலைத் தட்டினால் அது உங்கள் ஓடையின் விழா.

முன்னோடிகள் சிலரைப் பார்க்கலாம். டொராண்டோவில் நீல உடை உடுத்திய ஜனங்கள், காரிசன் ஓடை போன வழியில் மனித ஆறாகவே நடந்தார்கள். பால்டிமோரில் புரூஸ் வில்லன் என்ற கலைஞர், புதைந்த ஓடை ஒன்றின் தடத்தை நடைபாதையிலும் சாலையிலும் அலையலையான கோடாக வரைந்து, ஆங்காங்கே அதன் கதையை எழுதி வைத்திருக்கிறார். குறுக்குச் சந்தியில் பச்சை விளக்குக்கு நிற்கும்போதுதான் நாம் ஓடைக்கு நடுவில் நிற்கிறோம் என்று தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது சீனாவின் செங்டூ. அது புதைந்த ஓடை அல்ல, நாறிப்போன ஆறு. 1995-ல் அமெரிக்கக் கலைஞர் பெட்ஸி டேமன் அங்கே கலைஞர்களைச் சேர்த்து ஆற்றங்கரையில் பொது நிகழ்த்துகலைகள் நடத்தினார். அவர்களில் ஒருவரான யின் ஷியூஜென் அந்த ஆற்றின் அழுக்குத் தண்ணீரில் 10 கன மீட்டரைப் பனிக்கட்டிப் பாளங்களாக உறையவைத்துக் கரையில் அடுக்கி, வழிப்போக்கர்களை அழைத்து, நல்ல தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவச் சொன்னார். ஜனங்கள் கழுவினார்கள். ஆற்றைக் கழுவ முடியுமா என்று யாருக்கும் மேடை போட்டு விளக்க வேண்டியிருக்கவில்லை. மூன்று வருஷத்தில், 1998-ல், ஆற்றுத் தண்ணீரைச் செடிகளும் குளங்களும் வழியாகச் சுத்தம் செய்து காட்டும் பூங்கா ஒன்று அதே நகரில் டேமனின் வடிவமைப்பில் திறக்கப்பட்டது. கலை நிகழ்ச்சி முன்னே, கட்டுமானம் பின்னே. இந்த வரிசையைத்தான் நானும் பரிந்துரைக்கிறேன்.

உங்களுக்கு அவ்வளவு பெரிதாக வேண்டாம். பொம்மலாட்டம், மேள ஊர்வலம், விளக்கு நடை, சுவர் ஓவியம் என்று எதுவும் சரி. ஆனால் முதல் வருஷத்துக்கு நான் சொல்வது துணி ஓடை: ஊரார் தைத்துச் சேர்த்து, ஓடை மாதிரி இருபக்கமும் பிடித்துக்கொண்டு நடக்கும் நீளத் துணி. செலவு குறைவு, தையல் தெரிந்தவர் எல்லா ஊரிலும் உண்டு, சிறியவர் பெரியவர் எல்லாருக்கும் அதில் வேலை இருக்கிறது.

துணி ஓடை: செய்முறை

60 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு துண்டு, நீளம் 104 செ.மீ., அகலம் 83 செ.மீ. தலைப்பில் இரண்டு பக்கமும் 2 செ.மீ. தையலுக்குப் போனால் நீளம் சரியாக 1 மீட்டர் நிற்கும். ஓரங்களில் இருபுறமும் 4 செ.மீ. மடித்துத் தைத்து, உள்ளே சுண்டுவிரல் பருமன் பருத்திக் கயிற்றை நுழைத்தால் அகலம் 75 செ.மீ. கயிறு இல்லாமல் துணியை மட்டும் பிடித்து இழுத்தால் நூறடி போவதற்குள் தையல் விட்டுவிடும்.

பத்துத் துண்டுகளைச் சேர்த்து ஒரு பிரிவு. பிரிவுக்கும் பிரிவுக்கும் நடுவே தைக்காதீர்கள், நாடா வைத்து முடிச்சுப் போடுங்கள். ஆறு பிரிவுக்கும் எண் கொடுத்து, ஓடைத் தடத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பிரிவை ஒதுக்குங்கள். "நாலாம் எண் துணி பள்ளிக்கூடத்துச் சுவர் ஓரத்துக்கு" என்கிற மாதிரி. அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களே அந்தத் துணியைச் செய்யட்டும். பின்னால் இது கைகொடுக்கும்.

பழைய பருத்திச் சேலை, வேட்டி, படுக்கை விரிப்பு எல்லாம் உகந்தவை. ஒவ்வொருவரும் தன் துண்டில் ஓடை பற்றிக் கேட்டதை, நினைவிருப்பதை, வேண்டுவதை வரையலாம், எம்பிராய்டரி போடலாம், எழுதலாம். நீலத்தை மட்டும் திணிக்காதீர்கள். தண்ணீர் என்றாலே நீலம் என்று பிள்ளைகளுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் ஓடை செம்மண் நிறம், கோடையில் பாசிப் பச்சை, நிழலில் கறுப்பு. அந்தந்தப் பகுதிக்காரர்கள் எந்த நிறத்தைப் பார்த்தார்களோ அதைப் போடட்டும். சாயப்பட்டறை இருந்த இடத்துக்காரர் ஒருவர் ஊதாப் போட்டால் அதுவும் உண்மைதான்.

இருபக்கமும் ஒன்றரை மீட்டருக்கு ஒருவர் என்று 80 பேர் பிடிக்க வேண்டியிருக்கும். காய்ந்த துணி கயிறு நீங்கலாக ஏழு கிலோ கூட வராது, மழையில் நனைந்தால் இரண்டு மூன்று மடங்கு ஆகிவிடும். கையில் பிடித்து நடக்கும்போது காற்று பெரிய தொல்லை தராது. கம்பங்களுக்கு நடுவே கட்டித் தொங்கவிடப் போகிறீர்கள் என்றால் மட்டும் அரைவட்டமாகச் சில கிழிசல் விடுங்கள். இல்லாவிட்டால் பாய்மரம் மாதிரி கம்பத்தையே சாய்த்துவிடும்.

நான்காம் படி: அனுமதி, பாதுகாப்பு, சுத்தம்

சாலை மறிப்புக்கு மாநகராட்சியும் போலீசும், ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி, வடிகால் மூடிகள் அருகில் கூட்டம் சேர்வதால் அந்த அலுவலகத்துக்கும் ஒரு கடிதம். மூன்று மாதம் முன்பே கொடுங்கள். கடிதத்தில் நிகழ்ச்சியைச் சொல்வதோடு நிற்காமல், வடிகால் அலுவலர் ஒருவரை வந்து ஐந்து நிமிஷம் பேசவும் அழையுங்கள். வழக்கமாகத் திட்டு வாங்குகிற துறை அது. மரியாதையாக அழைத்தால் வருவார்கள், வந்தவர் பிறகு உங்களுக்கு வேண்டிய ஆளாகிவிடுவார்.

முதலுதவி, குடிநீர், கழிப்பறை, நிழல், சக்கர நாற்காலி போகும் வழி. இவை எல்லா விழாவுக்கும் பொதுவானவை, விரித்துச் சொல்லத் தேவையில்லை.

இந்த விழாவுக்கே உரிய தவறு ஒன்று உண்டு, அதை நான் நேரிலேயே பார்த்தேன். நான் உதவிக்குப் போயிருந்த முதல் விழாவில், வடிகால் வாய் ஒவ்வொன்றின் பக்கத்திலும் பிள்ளைகள் மீன் வரைந்தார்கள், "இங்கே கொட்டுவது ஓடையில் சேரும்" என்று எழுதினார்கள். அழகாகத்தான் இருந்தது. சாயங்காலம் திரும்பிப் பார்த்தால், அக்ரிலிக் பெயிண்ட் தோய்ந்த பிரஷ்களையும் தட்டுகளையும் வரிசையாக உட்கார்ந்து அதே வடிகால் வாயில் கழுவிக்கொண்டிருந்தார்கள். வாளி வைக்க வேண்டும் என்று எங்கள் யாருக்குமே தோன்றவில்லை. அதிலிருந்து எங்கள் பட்டியலில் முதல் பொருள் வாளி. பிரஷ் கழுவிய தண்ணீரை வடிகாலில் விடக்கூடாது, கழிவுநீர் இணைப்புள்ள தொட்டியில்தான் கொட்ட வேண்டும். இதே கணக்கில் ஜிகினாத்தூள், பலூன், பிளாஸ்டிக் பூ, மிதக்கும் விளக்கு எதுவும் வேண்டாம். தரையில் வரையச் சாக்குக்கட்டி போதும். உணர்ச்சிவசப்பட்டு யாராவது மீன்குஞ்சு கொண்டுவந்து விடப்போனால் தடுத்துவிடுங்கள். வெளியூர் மீன் எந்த ஓடைக்கும் நல்லதில்லை.

நாள் குறிக்கும்போது கடும் மழைக்காலத்தையும் கொளுத்தும் வெயிலையும் தவிர்த்துவிடுங்கள். முதல் மழைகள் பெய்து குழாயில் ஓட்டம் கூடியிருக்கும் வாரங்கள் நல்லவை, சத்தம் நன்றாகக் கேட்கும்.

ஐந்தாம் படி: அன்றைய நாள்

மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, தண்ணீர் போகும் திசையிலேயே நடங்கள். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். நிறுத்தம் ஏழுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிஷம். ஓரிடத்தில் பாட்டு, ஓரிடத்தில் கதை, ஓரிடத்தில் வடிகால் அலுவலர். தலைவர்கள் உரை கடைசி நிறுத்தத்துக்குத் தள்ளிவையுங்கள். முதலில் வைத்தால் ஊர்வலம் கிளம்பாது.

ஒரு நிறுத்தத்தில் எல்லா மேளத்தையும் நிறுத்துங்கள். குழாய்ச் சத்தம் நன்றாகக் கேட்கும் மூடியாகப் பார்த்து முன்கூட்டியே தேர்ந்து வைத்திருக்க வேண்டும். வடிகால் ஊழியர்கள் ஒத்துழைத்தால், அவர்கள் கையாலேயே மூடியின் துளை வழியாக ஒரு மைக்கை இறக்கி ஒலிபெருக்கியில் கொடுக்கலாம். அதுவரை அரட்டை அடித்துக்கொண்டு வந்த கூட்டம் அந்த ஒரு நிமிஷத்தில் அடங்கிவிடும். விழாவுக்கு வந்தவர்கள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்த இடத்தைப் பற்றித்தான்.

முடியும் இடத்தில் ஒரு பெரிய வரைபடத்தை மேசைமேல் விரித்து, மூன்று நிறக் குண்டூசி வையுங்கள். வீட்டில் தண்ணீர் புகுந்த இடத்துக்குச் சிவப்பு, சுவரில் ஈரம் ஏறும் இடத்துக்கு மஞ்சள், ஓடை பற்றிய நினைவு இருக்கும் இடத்துக்குப் பச்சை. பக்கத்தில் ஒரு நோட்டில் விவரமும், கூட வேலை செய்ய விருப்பமுள்ளவர் பெயரும். திருவிழா உற்சாகம் இரண்டு நாளில் இறங்கிவிடும். சிவப்புக் குண்டூசிகள் ஒரே கோட்டில் நிற்கும் அந்த வரைபடத்தின் போட்டோ மட்டும் எந்தக் கூட்டத்திலும் செல்லுபடியாகும்.

ஆறாம் படி: எந்தத் துண்டைத் திறப்பது

ஒரு வாரத்துக்குள் நோட்டில் பெயர் எழுதியவர்களைக் கூப்பிடுங்கள். முப்பது பேர் எழுதியிருந்தால் ஏழு பேர் வருவார்கள். ஏழு போதும்.

முழு ஓடையையும் திறக்கக் கேட்காதீர்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 1980-களில் பழைய ரயில்வே சரக்கு நிலத்தில் ஸ்ட்ராபெர்ரி ஓடையைத் திறந்தபோது, திறந்தது ஏறத்தாழ 200 அடி மட்டுமே. பிற்பாடு பல ஊர்களுக்கு அந்தச் சின்னத் துண்டே வழிகாட்டியாக அமைந்தது. பூங்கா, பள்ளி மைதானம், வாகன நிறுத்தம் என்று பொது நிலத்தில் இருக்கும் பகுதியைப் பாருங்கள். நியூயார்க் மாநிலத்தின் யாங்கர்ஸ் நகரில் சா மில் ஆறு மேலே வந்தது ஒரு வாகன நிறுத்துமிடம் இருந்த இடத்தில்.

அடுத்து ஆழம். ஒரு மீட்டர் இறங்க மூன்று மீட்டர் அகலம் என்ற சரிவு இருந்தால்தான் கரை நிற்கும், செடி பிடிக்கும், பிள்ளை இறங்கி ஏற முடியும். ஓடைப்படுகை 3 மீட்டர் ஆழத்தில், 2 மீட்டர் அகலம் என்றால், இருபக்கமும் 9 மீட்டர் சேர்த்து மொத்தம் 20 மீட்டர் வேண்டும். 5 மீட்டர் ஆழமென்றால் 32 மீட்டர். மண் கணக்கையும் போட்டுவிடலாம்: 20 மீட்டர் அகலத்தில் 60 மீட்டர் நீளம் தோண்டினால் சுமார் 2,000 கன மீட்டர் மண். தோண்டிய மண் கால் பங்கு உப்பும். 10 கன மீட்டர் லாரியில் 250 நடை. எந்தத் தெரு வழியாக அந்த லாரிகள் போகும் என்ற கேள்வி முதல் கூட்டத்திலேயே வரும், பதிலோடு போங்கள். பழைய தொழிற்சாலை நிலமாக இருந்தால் மண்ணில் நச்சு இருக்கிறதா என்று சோதிப்பதும் அவசியம். வெள்ளக் கணக்கு, மின்கம்பி, எரிவாயுக் குழாய் விஷயங்கள் நீரியல் பொறியாளர் பார்க்க வேண்டியவை. அங்கே ஆர்வலர் புத்தி வேண்டாம்.

"மழை பெய்தால் ஊர் முழுகாதா?" என்று கேட்பார்கள். நியாயமான பயம்தான். பழைய குழாயைப் பிடுங்காமல் அப்படியே விட்டு, அன்றாட ஓட்டத்தை மேலேயும் வெள்ளத்தின் உபரியைக் குழாயிலும் அனுப்புவது வழக்கத்தில் உள்ள ஏற்பாடு. கொசுவுக்கும் பதில் இருக்கிறது. வேகமாக ஓடும் தண்ணீரில் கொசு பெரும்பாலும் பெருகாது, தேங்கிய குட்டைதான் அதற்குப் பிடித்த வீடு. அதனால் படுகையின் சரிவு சரியாக இருக்க வேண்டும்.

குழாய் எந்த வருஷம் போட்டது என்று கேட்கச் சொன்னேன் அல்லவா? குழாய்க்கு ஆயுள் உண்டு. எண்பது, நூறு வருஷம் ஆகி விரிசல் விட்டால் தோண்டி மாற்றியே ஆக வேண்டும். எப்படியும் தோண்டப்போகிற வருஷத்தில் போய், "மறுபடி மூடாமல் விட்டுவிடலாமே" என்று கேட்பது, நன்றாக இருக்கும் குழாயை உடைக்கச் சொல்வதைவிட எவ்வளவோ சுலபம். ஸூரிச் நகரம் 1988-ல் ஓடைகளுக்கென்று தனித் திட்டம் போட்டது அழகுக்காக மட்டும் இல்லை. சுத்தமான ஓடைத் தண்ணீர் சாக்கடையில் கலந்து, சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், காரணமே இல்லாமல் செலவு வைத்துக்கொண்டிருந்தது. ஓடையைத் தனியாகப் பிரித்து மேலே விட்டார்கள். உங்கள் ஊர்க் கணக்காளருக்கும் இந்த வாதம் புரியும்.

திறக்க முடியாது என்றே தெரிந்துவிட்டால்? மேலே ஆஸ்பத்திரி நிற்கலாம், ஆழம் பத்து மீட்டர் இருக்கலாம். அப்போது தரையில் நிரந்தரக் கோடு, தெருவோரம் மழைநீரை உறிஞ்சும் செடிப் பள்ளங்கள், ஆண்டுதோறும் நடை என்று போகலாம். போர்ட்லண்டின் டேனர் ஸ்பிரிங்ஸ் பூங்கா அப்படிப்பட்ட சமாதானம்தான். டேனர் ஓடை இன்னும் குழாயில்தான் இருக்கிறது. 2005-ல் முடிந்த அந்தப் பூங்காவில் மழைநீரை வைத்தே ஒரு சதுப்பு உண்டாக்கி, பழைய தண்டவாளங்களை நெட்டுக்குத்தலாக நட்டு அலை போன்ற சுவர் எழுப்பி, நடுநடுவே பூச்சியும் தவளையும் தீட்டிய கண்ணாடித் துண்டுகளைப் பதித்தார்கள்.

ஏழாம் படி: திறந்த பிறகு

வடிவமைப்புக் கூட்டத்தில் கலைஞர்களுக்கு முதல் நாளிலிருந்தே நாற்காலி வேண்டும். எந்தக் கல்லில் உட்கார்ந்தால் தண்ணீர்ச் சத்தம் கேட்கும், பத்துப் பேர் வட்டமாக நின்று ஆட எங்கே இடம் என்பதெல்லாம் கான்கிரீட் போட்ட பிறகு கேட்டால் நடக்காது. நடும் செடிகள் உள்ளூர் வகைகளாக இருக்கட்டும். வேர் பிடிக்கும்வரை கரைக்குத் தென்னை நார்ப்பாய். முதல் இரண்டு வருஷம் களையெடுப்பே பெரிய வேலை. பாட்டு கற்றுக்கொடுக்கும் வகுப்பைக் களையெடுக்கும் நாளோடு சேர்த்துவைத்தால் ஆள் குறையாது.

தென்கொரியாவில் சியோலின் செயோங்கேசெயோன் ஓடையை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். மேம்பாலத்தை இடித்து, 2003 முதல் 2005-க்குள் 5.8 கிலோமீட்டர் ஓடையை மீட்டது பெரிய காரியம்தான். ஆனால் அங்கே ஓடும் தண்ணீர் பெரும்பாலும் ஹான் ஆற்றிலிருந்து பம்ப் போட்டு இறைப்பது, நிலத்தடி நீரும் சேர்த்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,20,000 டன். சாலையோர வியாபாரிகளை ஒரு பழைய விளையாட்டரங்கத்துக்கு மாற்றினார்கள், பிறகு அந்த அரங்கமும் இடிபட்டது. ஓடை வந்தால் கரையில் வாடகை ஏறும். கதை சொன்ன பாட்டி அடுத்த விழாவுக்கு அந்தத் தெருவில் இருப்பாரா என்பதைத் திறப்பதற்கு முன்பே பேசுங்கள். வாடகைக்காரர்களும் தெருக்கடைக்காரர்களும் குழுவில் இருந்தால் அந்தப் பேச்சு தானாக எழும்.

கடைசியாகத் துணி. விழா முடிந்ததும் நனைந்தபடி மூட்டை கட்டிவிடாதீர்கள், ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். நாடாவை அவிழ்த்து, ஆறு பிரிவையும் தனித்தனியாக அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, வேப்பிலை போட்டுச் சுருட்டி, எண் எழுதிய சீட்டைக் கட்டி வையுங்கள். ஒவ்வொரு வருஷமும் அதே துணியை எடுக்கலாம், புதிதாகக் குடிவந்தவர்களின் துண்டுகளைச் சேர்க்கலாம். பள்ளிக்கூடத்துச் சுவர் ஓரம் ஓடை திறந்துவிட்ட வருஷம், நாலாம் எண் துணியை மட்டும் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். ஊர்வலம் அந்த இடத்துக்கு வரும்போது, மூன்றாம் துணியைப் பிடித்தவர்கள் அதைக் கரையில் வைத்துவிட்டுத் தண்ணீரோரமாக நடப்பார்கள். அந்தப் பக்கம் போனதும் ஐந்தாம் துணியை எடுத்துக்கொள்வார்கள்.